மதுரையில் வீட்டு இணைய இணைப்பு: 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறுவதா, நிறுவனத்தையே மாற்றுவதா?

வைகைக்கரை | 2024 ஜனவரி 6

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் மாடி வைத்த தனி வீடு எங்களுடையது. கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் என் தாயாரும், மாடியில் மகளும் மகனும் இருக்கிறோம். மகள் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டத்தில் இருக்கிறோம். வரியோடு சேர்த்து மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கட்டி வருகிறேன்.

மாடியில் கைப்பேசியில் சோதித்தால் 18 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டுவதில்லை. காலை 11 மணிக் கூட்டத்தில் மகளின் முகம் உறைந்து நின்றுவிடுகிறது. அவள் பேசுவது மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகக் கேட்கிறதாம். இவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டிசம்பரில் நான்கு நாள் இணைப்பே இல்லாமல் போய், ஒவ்வொரு நாளும் "இன்று மாலைக்குள் ஆள் வருவார்" என்ற ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் மனத்தை மிகவும் வருத்தியது. அந்த நான்கு நாளும் மகள் கைப்பேசி டேட்டாவில் வேலை பார்த்தாள்.

இதுவரை விசாரித்ததில், ஜியோவில் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ்ஸும் 699-க்கு 100-உம், ஏர்டெல்லில் 499-க்கு 40-உம் 999-க்கு 200-உம், பிஎஸ்என்எல்லில் 449-க்கு 30-உம் இருப்பதாகத் தெரிகிறது. எங்கள் தெருக் கேபிள்காரர் 500 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் தருவதாகச் சொல்கிறார். 200-க்கு ஏறினால் மாடிக்கு வேகம் வருமா, அல்லது நிறுவனத்தையே மாற்றுவதுதான் சரியா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

தறிமேடு | 2024 ஜனவரி 6

ஐயா, முதலில் விலைகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிடுவோம். நீங்கள் எழுதிய கட்டணங்களில் கேபிள்காரர் சொன்னதைத் தவிர மற்ற எல்லாம் வரி நீங்கலானவை. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 399 என்பது 471 ஆகிறது, 449 என்பது 530, 499 என்பது 589, 699 என்பது 825, 999 என்பது 1,179. கேபிள்காரர் சொல்லும் 500 வரியோடா, வரி தனியா என்று கேளுங்கள். பில் தருவாரா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

இத்தகைய திட்டங்களில் உள்ள மாதம் 3,300 ஜிபி என்ற டேட்டா வரம்பைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். ஒரு நாளைக்கு அது 110 ஜிபி. நல்ல தெளிவுள்ள படம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 3 ஜிபி செலவாகும். அந்தக் கணக்கில் 36 மணி நேரப் படத்தை ஒரே நாளில் பார்த்தால்தான் அன்றைய பங்கு தீரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று, எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, கோப்பின் அளவு பைட் கணக்கு. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும் என்பது தெரியாமல், "நூறு என்றார்கள், பன்னிரண்டுதான் வருகிறது" என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒளியிழை | 2024 ஜனவரி 6

வைகைக்கரை ஐயாவுக்கு வணக்கம். நான் பதினோரு ஆண்டுகள் ஃபைபர் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். 200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுமுன் ஒரே ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். மகனின் மடிக்கணினியைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து, சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி பெட்டியில் (வெளியிலிருந்து ஃபைபர் வந்து சேரும் பெட்டி) லேன் கேபிளை நேரடியாகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைப் பாருங்கள். அங்கே 90-க்கு மேல் காட்டினால் நிறுவனம் விற்ற வேகம் உங்கள் வாசல்வரை வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு மாடிக்குப் போகும் வழியில் தொலைவது உங்கள் வீட்டுக்குள் நடக்கும் சேதம். 200 வாங்கினாலும், 300 வாங்கினாலும் அதே இடத்தில்தான் தொலையும்.

தொலைவதற்குக் காரணமும் எளியது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உள்ளன. 5 வேகமானது, ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது பெரும்பகுதி வலுவிழந்துவிடும். 2.4 ஓரளவு தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை முழுவதும் அதே சிறிய இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. குறைந்த விலைத் திட்டங்களோடு வரும் பெட்டிகள் பலவற்றில் 2.4 மட்டுமே இருக்கும். பெட்டியை மாடிக்கு மாற்றுவது, அல்லது ஒரு லேன் கேபிளை மாடிவரை இழுத்து அங்கே இரண்டாவது ரௌட்டர் வைப்பது, இந்த இரண்டுதான் நிலையான தீர்வுகள்.

கேபிளை இழுக்க ஆள் வைத்தால், நுனியில் கிளிப் அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க நான்கை மட்டும் சேர்த்துவிட்டு மற்ற நான்கை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. நான்கு கம்பியிலும் இணைப்பு வேலை செய்யும், ஆனால் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பின்னாளில் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறும்போது "நிறுவனம் ஏமாற்றுகிறது" என்று தோன்றும். உண்மையான காரணம் கிளிப்புக்குள் இருக்கும்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் ஒளியின் வலிமை ஓர் எண்ணாகத் தெரியும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (டெசிபெல் கணக்கில் ஒளியின் அளவு) வரை இருந்தால் கவலை வேண்டாம். மைனஸ் 27-ஐத் தொட்டால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது. அவ்வப்போது, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகி, இணைப்பு அறுந்து மீண்டும் வரும். அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள்.

வைகைக்கரை | 2024 ஜனவரி 8

ஒளியிழை அவர்களுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தோம். கேபிளைச் செருகிப் பார்த்தால் 94 காட்டுகிறது. மூன்று வேளை பார்த்தோம், மாறவில்லை. ஆக, இரண்டு ஆண்டுகளாக மாடியில் தொலைந்துகொண்டிருந்த வேகத்துக்கு நான் நிறுவனத்தை நொந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒளியின் வலிமை மைனஸ் 27 என்று காட்டியது. உடனே மகன் வெளியிலிருந்து வரும் ஃபைபர் வயரைத் தெருவிலிருந்து பெட்டிவரை கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஜன்னல் சட்டத்தின் மூலையில் அதை இரும்பு ஆணியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கியிருந்தார்கள். தீக்குச்சியை மடித்ததைப் போல அந்த இடத்தில் வயர் கூர்மையாக மடிந்திருந்தது. கட்டை அவிழ்த்து, ஒரு டம்ளர் வாய் அகலத்துக்கு வளைவு விட்டு மெதுவாகக் கட்டினோம். எண் மைனஸ் 21-க்கு வந்துவிட்டது. இந்த ஆறு எண் வேறுபாடு பெரியதா?

ஒளியிழை | 2024 ஜனவரி 8

பெரியதுதான், ஐயா. மூன்று டெசிபெல் ஏறினால் ஒளி இரண்டு மடங்கு ஆகும். ஆறு ஏறியிருக்கிறது, அதாவது முன்பைவிட நான்கு மடங்கு ஒளி இப்போது பெட்டிக்குள் வருகிறது. கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் உள்ளே ஓடும் ஒளி அந்த மடிப்பில் வெளியே கசிந்துவிடும். உங்கள் மகன் பார்த்த பார்வை ஒரு நல்ல லைன்மேன் பார்க்கும் பார்வை. அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

11 மணிக் கூட்டத்தின் சிக்கல் வேறாக இருக்கலாம். ஒருவர் முகம் தெரிய ஒரு காணொளி அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். ஆனால் அதே நேரத்தில் வீட்டில் வேறு ஏதாவது கருவி படங்களையோ பெரிய கோப்புகளையோ மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், ஏறும் பாதையில் வரிசை நீண்டு, அழைப்பின் தரவு பின்னால் காத்து நிற்கும். பேச்சு துண்டு துண்டாகக் கேட்பது பெரும்பாலும் அதனால்தான்.

வைகைக்கரை | 2024 ஜனவரி 9

மகனுடைய கணினி அவனுடைய கல்லூரித் திட்டக் கோப்புகளை நாள்தோறும் காலை 11 மணிக்கு இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றும்படி அவனே அமைத்து வைத்திருந்தான். இரவு 2 மணிக்கு மாற்றிவிட்டோம். இன்று கூட்டம் தடங்கலின்றி முடிந்ததாக மகள் சொன்னாள். இருந்தாலும் அந்த நான்கு நாளை என்னால் மறக்க முடியவில்லை. நிறுவனத்தை மாற்றும் எண்ணத்தில்தான் இன்னும் இருக்கிறேன்.

கேபிள்பெட்டி | 2024 ஜனவரி 10

நான் சிவகங்கை மாவட்டத்தில் கேபிள் டிவியும் இணையமும் கொடுத்து வருகிறேன். எங்களைப் போன்றவர்களின் 500 ரூபாய்த் திட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, ஆகவே நானே எழுதுகிறேன்.

ஃபைபர் என்றால் ஆளுக்கொரு தனிப் பாதை என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். பெரிய நிறுவனமானாலும் என்னைப் போன்ற சிறியவரானாலும் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் ஓர் இழை நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட்டைக் கொண்டுவரும். தெருவில் ஸ்ப்ளிட்டர் வைத்து அந்த ஒன்றை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறோம். 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் ஆளுக்கு 78 எம்பிபிஎஸ் போலத்தான் வரும். ஆனால் அப்படி எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் இந்த இடத்தில் நெரிசல் அரிது.

நெரிசல் அதற்கு மேலே இருக்கிறது. நான் உரிமம் பெற்ற ஒரு பெரிய இணையச் சேவையாளரிடமிருந்து மொத்தமாக பேண்ட்வித் (இணையம் கடத்தும் திறன்) வாங்கி உங்களுக்குச் சில்லறையாகத் தருகிறேன். 300 வாடிக்கையாளருக்கு ஒரு ஜிகாபிட் வாங்கி வைத்திருப்பவரும் உண்டு, அதே ஒரு ஜிகாபிட்டை 900 பேருக்குப் பிரிப்பவரும் உண்டு. காலை 10 மணிக்குச் சோதித்தால் இரண்டு பேரிடமும் 100 காட்டும். இரவு 9 மணிக்குத்தான் வேறுபாடு தெரியும். ஆகையால் அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக்கு இரவு 9 மணிக்குப் போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்போதும் யூடியூபை மட்டும் ஓடவிட்டு முடிவெடுக்காதீர்கள். கூகுள், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை அதிகம் பார்க்கப்படும் படங்களைச் சேவையாளரின் வளாகத்திலேயே தங்கள் சர்வரில் வைத்திருப்பதுண்டு. வெளியே போகும் பாதை அடைத்துக் கிடந்தாலும் அந்தப் படங்கள் தடையில்லாமல் ஓடும். வேகச் சோதனைச் செயலியும் தானாகத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான். சர்வரைச் சிங்கப்பூருக்கு மாற்றிச் சோதியுங்கள். தரவு சென்னையிலிருந்து கடலடி வடம் வழியாக அங்கே போய்த் திரும்பச் சுமார் 35 மில்லிவினாடி ஆகும். மதுரைக்கு அதற்கு மேல் கொஞ்சம் கூடும். இரவில் அது 150, 200 என்று ஏறினால் மேலே நெரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் பெங்களூரு நிறுவனத்தோடு வேலை செய்வதால் இந்தச் சோதனை உங்களுக்கு யூடியூபைவிட முக்கியம்.

என் தொழிலுக்குச் சாதகமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயர் அறுந்தால் நானே ஏணியோடு வருவேன். எங்கள் ஊரில் இரவு எட்டு மணிக்கு அறுந்த வயரைப் பத்து மணிக்குள் ஸ்ப்ளைஸ் செய்து (இழைகளை ஒட்டி) கொடுத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர்களுக்கு என் வீடு தெரியும்.

நெல்லைச்சீமை | 2024 ஜனவரி 10

கேபிள்பெட்டி அண்ணன் எழுதிய கடைசி வரிகளுக்காகவே நான் வந்தேன். சென்ற டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் பகுதி முழுவதும் வெள்ளக்காடானது. ஃபைபரில் ஒரு நன்மை, தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. நிறுவனத்தின் முனையிலும் நம் வீட்டிலும் மின்சாரம் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைத்து ஓஎன்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் நிறுவனத்தின் முனையில் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர வழியில்லாமல் போனதால் இரண்டாம் நாள் இணைப்பும் நின்றது. தெரு நீரில் வயர் மூழ்கிக் கிடந்தும் அறுபடவில்லை.

ஆகவே நான் இப்போது எந்த இணைப்பைப் பற்றிக் கேட்டாலும் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: உங்கள் முனையில் மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும், பழுது பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வருவார்? மாதம் 80 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று மாறிவிட்டு, லைன்மேன் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வரும் நிலைக்கு ஆளாகாதீர்கள்.

வேளச்சேரிவாசி | 2024 ஜனவரி 11

வயரே இல்லாத இணைப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19 அன்று எட்டு நகரங்களில் தொடங்கியது; அவற்றில் சென்னையும் ஒன்று. 599 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், மாத வரம்பு 1,000 ஜிபி, வரி தனி. மாடியில் ஒரு 5ஜி பெட்டியை மாட்டி, அதிலிருந்து வீட்டுக்குள் வயர் இறக்குவார்கள். ஃபைபர் வராத தெருவில் குடியிருப்பவருக்கு இது நல்ல வழிதான். ஆனால் கோபுரத்தைப் பலரோடு பங்கிட்டுக்கொள்வதால் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. ஃபைபர் வாசல்வரை வந்திருக்கும் வைகைக்கரை ஐயாவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தறிமேடு | 2024 ஜனவரி 11

ஒரு கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்கிறேன். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசமாகக் கிடைக்கும் திட்டங்கள் உண்டு. 530 ரூபாய்த் திட்டத்தில் அது ஒரு மாத வாடகை. விட்டுவிட வேண்டிய தொகை அல்ல.

நெல்லைச்சீமை | 2024 ஜனவரி 11

தறிமேடு நண்பரே, அந்த ஒரு மாத வாடகைக்காக நம் கையில் இருக்கும் ஒரே பிடியை விட்டுவிடுகிறோம். மாதாமாதம் கட்டுகிறவர் சேவை கெட்டால் அடுத்த மாதமே விலகலாம். ஓராண்டுப் பணத்தைக் கொடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். புதிய நிறுவனம் என்றால் ஒரு மழைக்காலம் கடக்கும்வரை மாதக் கட்டணம்தான் என்பது என் உறுதியான கருத்து.

தறிமேடு | 2024 ஜனவரி 11

புதிய நிறுவனத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். நான் ஐந்து ஆண்டுகளாக ஒரே இணைப்பில் இருப்பவன், லைன்மேன் அடுத்த தெருவில் இருக்கிறார். என் நிலையில் ஆண்டுக் கட்டணம்தான் சரி என்று இன்னும் நினைக்கிறேன்.

ஒளியிழை | 2024 ஜனவரி 12

நான்கு நாள் பழுதைப் பற்றி ஒரு விவரம். அழைத்துப் புகார் சொன்னபோது புகார் எண் கேட்டு வாங்கினீர்களா, ஐயா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் கொடுத்தாக வேண்டும். தீர்வு கிடைக்கவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எண் இல்லாவிட்டால் நீங்கள் புகார் செய்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்.

மாறுவதானால் பழையதை உடனே துண்டிக்காதீர்கள். கைப்பேசி எண்ணைப் போல வீட்டு இணையத்தை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. அதனாலேயே இரண்டையும் ஒரு மாதம் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். மகளின் வேலை இதை நம்பி இருக்கும்போது அந்த ஒரு மாதச் செலவு வீண் அல்ல.

வைகைக்கரை | 2024 பிப்ரவரி 18

ஒரு மாதத்துக்கும் மேலாக எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். நடந்தவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேபிள்காரரின் வாடிக்கையாளர் வீடு எங்கள் தெருவிலேயே இருந்ததால் இரவு 9 மணிக்குப் போய்ச் சிங்கப்பூர்ச் சோதனையைச் செய்தோம். முதல் நாள் 180, இரண்டாம் நாள் 210 மில்லிவினாடி. அவர் நல்ல மனிதர். மறைக்காமல், "கூடுதல் பேண்ட்வித்துக்குச் சொல்லியிருக்கிறேன், ஏப்ரல் ஆகும்" என்றார். பிறகு பிஎஸ்என்எல்லின் 449 ரூபாய்த் திட்டத்தை எடுத்தோம். பிஎஸ்என்எல் சார்பில் இணைப்புக் கொடுத்த பங்காளர் எங்கள் பகுதிக்காரர், ஹார்விபட்டியில் வீடு. 30 எம்பிபிஎஸ் எப்படிப் போதும் என்று மகன் வாதாடினான். மாடிவரை எட்டுக் கம்பியும் சேர்த்த லேன் கேபிள் ஒன்றை இழுத்து, இரண்டாவது ரௌட்டரை மகளின் மேசைக்கு மேலே மாட்டினோம். இப்போது மாடியில் 29 காட்டுகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்தபோது அங்கே கிடைத்தது 18.

இரண்டு இணைப்பையும் ஜனவரி 16 முதல் சேர்த்தே வைத்திருந்தோம். இடையில் ஒரு நாள் மின்வாரியத்தின் மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. சிறு யுபிஎஸ் மூன்றரை மணி நேரம் தாங்கியது. பிறகு மகள் கைப்பேசிக்குத்தான் மாறினாள். பெரிய பேட்டரியாக ஒன்று வாங்க வேண்டும். எது நல்லது என்று யாராவது சொல்லுங்கள்.

நேற்றுப் பழைய இணைப்பைத் துண்டித்தோம். பெட்டியை எடுக்க வந்தவரிடம், அதன் அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். அவர் முதலில் தயங்கினார். பிறகு போட்டுக் கொடுத்தார். வைப்புத்தொகை இன்னும் வரவில்லை. இம்முறை புகார் எண் என் கையில் இருக்கிறது.